படிக்கிறதா, பார்க்கிறதா? ஒசாமு தெசுகாவின் கதை



எங்கள் வகுப்பில் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெரிய சண்டை. ஜப்பான் கார்ட்டூனை டிவியில் பார்க்கிறது நல்லதா, அதே கதையைப் படக்கதைப் புத்தகமாகப் படிக்கிறது நல்லதா என்பதுதான் சண்டை. டிவியில் ஓடுவதற்குப் பெயர் அனிமே. புத்தகத்துக்குப் பெயர் மங்கா. (உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடுவது மாங்கா. அது வேற!) நான் படிக்கிற கட்சி. என் பக்கத்து பெஞ்சு நண்பன் பார்க்கிற கட்சி. மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

சரி, இந்த இரண்டையுமே செய்த ஒருத்தர் என்ன நினைத்திருப்பார் என்று தேடினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஒசாமு தெசுகா. ஜப்பானில் இவரை மங்காவின் கடவுள் என்று சொல்கிறார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் டிவி அனிமேவுக்கு வழி போட்டவரும் இவர்தான். இவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. எங்கள் வகுப்புச் சண்டை இவர் மனசுக்குள்ளேயே அறுபது வருஷம் நடந்திருக்கிறது!

ஒசாமு தெசுகா 1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ஒசாகா பக்கத்தில் தொயொனாகா என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது தகாராசுகா என்ற ஊரில். அந்த ஊரில் ஒரு பெரிய நாடகக் குழு உண்டு. அதில் ஆண் வேஷம் உள்பட எல்லா வேஷமும் போடுவது பெண்கள்தான். அம்மா பையனை அங்கே கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் மங்கா புத்தகங்களை அம்மா ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரலில் படித்துக் காட்டுவார். அப்பாவுக்கு சினிமாப் பைத்தியம். வீட்டிலேயே ஒரு சின்ன புரொஜெக்டர் வைத்து சாப்ளின் படம், டிஸ்னியின் மிக்கி மவுஸ் எல்லாம் போட்டுக் காட்டுவார். அதாவது அம்மா மங்காவைக் கொடுத்தார், அப்பா ஓடும் படத்தைக் கொடுத்தார். சண்டை அங்கேயே ஆரம்பித்துவிட்டது பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் இவர் பாடு திண்டாட்டம்தான். சுருட்டை முடி, மூக்குக்கண்ணாடி, ஒல்லி உடம்பு. பையன்கள் கிண்டல் பண்ணி அழவைப்பார்களாம். இவரிடம் இருந்த ஒரே ஆயுதம் பென்சில். இவர் நோட்டில் வரைந்த படக்கதை கைக்குக் கை மாறியது. கிண்டல் செய்த பையன்களே அடுத்த பக்கம் எப்போ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆசிரியர்களும் திட்டவில்லை, தட்டிக்கொடுத்தார்கள். (நம் ஆசிரியர்கள் கவனிக்கவும்!) பூச்சி பிடித்துச் சேர்ப்பது இவருக்கு இன்னொரு பைத்தியம். தரையில் ஓடும் ஒரு வகை வண்டுக்கு ஜப்பானில் ஒசாமுஷி என்று பெயர். தன் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று, பூச்சி என்று பொருள்படும் எழுத்து ஒன்றைத் தன் பெயரோடு சேர்த்து எழுத ஆரம்பித்தார். கடைசி வரை அதுதான் அவர் புனைபெயர்.

பிறகு போர் வந்தது. படிக்க வேண்டிய பையன்களைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். மங்கா வரைவதெல்லாம் அப்போது தேசத்துக்கு ஆகாத வேலை. இவர் என்ன செய்தார் தெரியுமா? மங்கா வரைந்து தொழிற்சாலைக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிவைத்தாராம்! உள்ளே போகிறவர் உட்கார்ந்து படித்தே ஆகணும். இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். அதுவும் ஒரு சுவர்ப் பத்திரிகைதானே. நம்முடையது நல்ல இடத்தில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1945 ஏப்ரல். ஒசாகா நகரம் குண்டு வீச்சில் பாதி எரிந்து கிடக்கிறது. எரியாமல் தப்பிய ஒரு தியேட்டரில் மொமொதாரோ என்ற கார்ட்டூன் படம் ஓடியது. ஜப்பான் கடற்படை பணம் கொடுத்து எடுத்த போர்ப் பிரசாரப் படம் அது. குரங்கும் கரடியும் சிப்பாய்களாக வரும். தியேட்டரில் ஆளே இல்லை. 16 வயது தெசுகா அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். சண்டைக் காட்சிக்கு அழவில்லை. காற்றில் பறக்கும் பூம்பஞ்சு, பாட்டுப் பாடும் மிருகங்கள் என்று போர் நடுவிலும் யாரோ குழந்தைகளுக்காக இப்படி வரைந்திருக்கிறார்களே என்று அழுதார். என்றைக்காவது ஒருநாள் நானும் இப்படி ஒரு ஓடும் படம் எடுப்பேன் என்று அங்கேயே முடிவு செய்தார். இரண்டு மாதம் கழித்து ஜூனில் நடந்த குண்டு வீச்சில் அவர் மயிரிழையில் பிழைத்தார். சுற்றி எத்தனையோ பேர் செத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தார். அவர் கதைகளில் சாவு அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓடும் படம் எடுக்கப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், கேமரா வேண்டும். மங்காவுக்கு ஒரு பேனாவும் காகிதமும் போதும். அதனால் மங்கா வரைந்தார். 1946 ஜனவரியில் சிறுவர் செய்தித்தாள் ஒன்றில் நாலு கட்டத் தொடர். 1947-ல் சிச்சிமா சகாய் என்பவர் கதை சொல்ல, இவர் வரைந்த புதிய புதையல் தீவு என்ற புத்தகம் வந்தது. 4 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். போர் முடிந்து சோற்றுக்கே திண்டாடிய நேரத்தில்!

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருந்தது? முதல் பக்கங்களில் ஒரு பையன் காரில் துறைமுகத்துக்குப் போகிறான். அவ்வளவுதான். ஆனால் கார் தூரத்தில் வரும், பக்கத்தில் வரும், நம் மூக்குக்கு நேராக வரும். பேச்சே கிடையாது. அதற்கு முன்னால் பெரும்பாலான மங்காவில் மேடை நாடகம் மாதிரி எல்லோரும் வரிசையாக நின்று பேசுவார்கள். இவர் கேமராவைக் காகிதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். வேறு ஊரில் இரண்டு பள்ளி மாணவர்கள் அந்தக் கார் நிஜமாகவே ஓடுகிறதே என்று வாயைப் பிளந்தார்கள். பின்னாளில் அவர்களில் ஒருவர் வரைந்ததுதான் நம் டோரேமோன்! தோக்கியோவில் தெசுகா காலி செய்த வாடகை அறையில்தான் அந்த இரண்டு பேரும் 1954-ல் குடியேறினார்கள்.

இதற்கு நடுவில் இவர் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீங்களா? ஒசாகாவில் மருத்துவப் படிப்பு. வகுப்பில் உட்கார்ந்தும் மங்கா. எதை விடுவது என்று தெரியாமல் அம்மாவிடம் கேட்டார். உனக்கு எது அதிகம் பிடிக்கும் என்று அம்மா கேட்டார். மங்கா என்றார் மகன். அப்போ அதையே செய் என்று சொல்லிவிட்டார் அம்மா. ஆனாலும் படிப்பைப் பாதியில் விடவில்லை. தேர்வு எழுதி டாக்டர் உரிமம் வாங்கினார். 1961-ல் நத்தையின் உயிரணுக்களை ஆராய்ந்து முனைவர் பட்டமும் வாங்கினார். அதுவும் வாரத்துக்கு எத்தனையோ பக்கம் வரைந்துகொண்டே! நான் ஒரு ரெக்கார்ட் நோட்டை முடிக்கவே தலைகீழாக நிற்கிறேன்.

1950-ல் வெள்ளைச் சிங்கக்குட்டி கதையான காட்டு ராஜா தொடங்கியது. 1952-ல் தெசுகாவின் பேரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் அடோமு தனித்தொடராக வந்தான். முழுப்பெயர் இரும்புக்கை அடோமு என்று அர்த்தம் வரும். இரும்புக்கை என்றதும் மூத்த ஆசிரியர்களுக்கு முத்து காமிக்ஸ் மாயாவி ஞாபகம் வரும். இவன் அவர் இல்லை, ஒரு ரோபோ பையன். மகனை விபத்தில் இழந்த விஞ்ஞானி அந்த மகனைப் போலவே ஒரு ரோபோ செய்கிறார். ரோபோ வளராதே! இவன் என் மகன் இல்லை என்று சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். அங்கிருந்துதான் கதை. சூப்பர் ஹீரோ கதை என்று எடுத்தேன், முதலிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது.

பேரும் பணமும் குவிந்தது. பத்திரிகைக்காரர்கள் இவர் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடப்பார்கள். யார் பக்கத்தை முதலில் வரைவது என்று அவர்களுக்குள் அடிதடி. இவர் சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே ஓடிப்போவார். ஆனால் மனசு அங்கே இல்லை. 1951-ல் டிஸ்னியின் பாம்பி படம் ஜப்பானுக்கு வந்தபோது காலைக் காட்சிக்குப் போய்க் கடைசிக் காட்சி வரை எழுந்திருக்காமல் பார்த்தாராம். மொத்தம் 80 தடவைக்கு மேல் என்கிறார்கள். நம்ம ஊரில் ரஜினி படத்தைக்கூட அத்தனை தடவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்! அந்த மானை அப்படியே மங்காவாகவும் வரைந்தார். மங்கா எழுதிச் சேர்த்த பணமெல்லாம் எதற்கு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1961-ல் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஓடும் படம் எடுக்க ஒரு கூடம் தொடங்கினார். அடுத்த வருஷம் அதற்கு முஷி புரொடக்‌ஷன் என்று பெயர் வந்தது. முஷி என்றால் பூச்சி. பழைய பாசம் விடவில்லை.

1963 ஜனவரி 1. அடோமு டிவியில் வந்தான். வாரா வாரம் அரைமணி நேரம். ஜப்பானில் அதுவரை யாரும் துணியாத காரியம். ஏன் துணியவில்லை என்பதை நம் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நோட்டு ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் பந்து வரைந்து சர்ரென்று புரட்டினால் பந்து குதிக்கும் இல்லையா, அதுதான் அனிமேஷன். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 கட்டம் ஓடும். ஒரு படத்தை இரண்டு கட்டம் நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். 25 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 18,000 படம். ஒரு வாரத்தில்! நடக்கிற காரியமா?

தெசுகா என்ன செய்தார்? படத்தைக் குறைத்தார். ஒரு படத்தை மூன்று கட்டம் நிறுத்தினார். பேசும்போது வாய் மட்டும் அசையும், முகம் அசையாது. நீளமான ஒரே படத்தின் மேல் கேமராவை நகர்த்தினார். அடோமு பறக்கும் காட்சியை ஒரு தடவை வரைந்து பத்திரமாக வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டார். இப்படிச் செய்து ஒரு வாரக் கதையைச் சுமார் 2,000 படத்துக்குள் முடித்தார்கள். நாம் டிவியில் பார்க்கும்போது கதாநாயகன் அஞ்சு நிமிஷம் அசையாமல் நின்று யோசிக்கிறான், முடி மட்டும் பறக்கிறது என்று கிண்டல் செய்கிறோமே, அதற்கு ஆரம்பம் இங்கேதான்!

எனக்கு ரொம்ப வேடிக்கையாகத் தெரிந்தது இதுதான். மங்காவில் இவர் படங்களை ஓட வைத்தார். டிவியில் இவர் படங்களை நிற்க வைத்தார்.

மக்களுக்கு அதெல்லாம் பெரிசாகத் தெரியவில்லை. கதை நன்றாக இருந்தது, பார்த்தார்கள். அடுத்த வருஷம் பார்ப்போர் விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது. சாக்லேட் டப்பாவுக்குள் அடோமு ஸ்டிக்கர் போட்டார்கள், பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1963-லேயே அமெரிக்காவிலும் ஆஸ்ட்ரோ பாய் என்ற பெயரில் ஓடியது. 1966 கடைசி நாள் வரை மொத்தம் 193 வாரக் கதைகள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வால்ட் டிஸ்னியையே நேரில் சந்தித்துப் பேசினார். 1965-ல் காட்டு ராஜா வண்ணப் படமாக டிவியில் வந்தது. (1994-ல் டிஸ்னியின் லயன் கிங் வந்தபோது அது இதன் காப்பிதான் என்று ஜப்பானில் பலர் கோபப்பட்டார்கள். டிஸ்னி கம்பெனி இல்லை என்றது. அது தனிக்கதை.)

ஆனால் இங்கே ஒரு தப்பும் நடந்தது. அதை மறைத்துவிட்டு எழுதினால் சரியாக இருக்காது. அடோமு படத்தை டிவிக்காரர்களுக்கு, ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்றார் தெசுகா. வேறு யாரும் போட்டிக்கு வரக்கூடாது என்று நினைத்தார் என்கிறார்கள். குறைந்த பணத்தை ஸ்டிக்கர், பொம்மை, வெளிநாட்டு விற்பனையில் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. அதற்கும் பத்தவில்லை என்றால் அவருடைய மங்கா பணம் இருக்கவே இருக்கிறது. சரி, அவருக்கு மங்கா பணம் இருந்தது. அதே விலைக்குப் படம் எடுக்க வேண்டியிருந்த மற்றவர்களுக்கு? கூடத்தில் ராத்திரி பகலாக வரைந்து, தூங்கி விழுந்து, மறுபடி எழுந்து வரைந்த இளைஞர்களுக்கு?

இந்தக் கேள்வியைப் பெரிதாகக் கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. டொட்டோரோ படம் எடுத்த ஹயாவ் மியாசாகி. சின்ன வயசில் அவரும் தெசுகாவின் மங்காவைப் படித்து வளர்ந்தவர். தன் படங்களில் தெசுகாவின் சாயல் இருப்பதைக் கண்டு பிடிக்காமல் வரைந்ததையெல்லாம் எரித்தவர். தெசுகா இறந்தபோது எல்லோரும் புகழ்ந்து எழுத, மியாசாகி மட்டும் மங்கா விஷயத்தில் அவரை மதிக்கிறேன், ஓடும் படம் விஷயத்தில் அவர் செய்தது தவறு, அந்த மலிவு விலை எல்லோர் தலையிலும் விழுந்தது என்கிற பொருளில் எழுதினார். பார்த்தீங்களா, எங்கள் வகுப்புச் சண்டை எவ்வளவு பெரிய இடத்தில் நடந்திருக்கிறது!

விலைக் கதை அவ்வளவு எளிதில்லை, வேறு வருமானமும் வந்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது. தெசுகா காசு ஆசையில் அப்படிச் செய்யவில்லை. தனக்குப் பிடித்ததற்காகத் தன் பணத்தை விட்டுக்கொடுத்தார். அது அவர் இஷ்டம். மற்றவர்களும் அதே மாதிரி விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்ததுதான் பிசகு.

1971-ல் முஷி கம்பெனியின் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1973-ல் கம்பெனி திவாலானது. கடன் கழுத்தை நெரித்தது. இருந்த வீடும் போனது. மங்காவிலும் காலம் மாறிவிட்டது. வேறு மாதிரி வரையும் புது ஆட்கள் வந்துவிட்டார்கள், தெசுகா பழசு என்றார்கள். 45 வயதில் இரண்டு பக்கமும் கதவு அடைத்துக்கொண்டது.

அந்த நவம்பரில் ஒரு வாரப் பத்திரிகை அவருக்கு இடம் கொடுத்தது. கடைசியாக ஒரு மரியாதை செய்து வழியனுப்பிவிடுவோம் என்றுதான் கொடுத்தார்களாம். அவர் வரைந்தது பிளாக் ஜாக். முகமெல்லாம் தையல் போட்ட, உரிமம் இல்லாத ஒரு டாக்டரின் கதை. கறாராகப் பணம் கேட்பான், ஆனால் செத்துப் பிழைக்க வைப்பான். ஒவ்வொரு வாரமும் இருபது பக்கத்துக்குள் ஒரு முழுக்கதை. உபயோகப்படாமல் கிடந்த டாக்டர் படிப்பு இங்கே வந்து கைகொடுத்தது! வழியனுப்ப நினைத்த தொடர் வருஷக்கணக்கில் ஓடியது. 240 கதைகளுக்கு மேல்.

மங்கா அவரைத் தூக்கி நிறுத்தியது. 1972-ல் தொடங்கியிருந்த புத்தர் தொடர் 1983 வரை வளர்ந்தது. கபிலவஸ்துவும் மகத நாடும் நம் நாட்டுக் கதை என்பதால் எனக்குக் கூடுதல் ஆசை. ஆங்கிலத்தில் எட்டுத் தொகுதி. சித்தார்த்தர் முதல் தொகுதியில் கடைசிப் பக்கம் பக்கம்தான் பிறக்கிறார், அதுவரை எல்லாம் ஏழைப் பையன்கள் கதை. நம் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத ஆட்களையும் சேர்த்துவிட்டிருக்கிறார். அதனால் பரீட்சைக்கு இதைப் படித்து எழுதிவிடாதீர்கள்.

சரி, கையைச் சுட்டுக்கொண்ட மனுஷர் திரும்ப அனிமே பக்கம் போயிருக்க மாட்டார் என்றுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1978-லேயே திரும்பிவிட்டார்! டிவிக்கு இரண்டு மணி நேரப் படம். 1980-ல் அடோமுவை வண்ணத்தில் மறுபடி எடுத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது 1984-ல் எடுத்த ஜம்பிங் என்ற ஆறு நிமிடப் படம். ஒரு குழந்தை குதித்துக் குதித்துப் போகிறது. குழந்தையை நாம் பார்க்க முடியாது, அதன் கண்ணால் ஊரைப் பார்க்கிறோம். ஒவ்வொரு குதியும் முந்தினதைவிட உயரம். வீட்டுக் கூரை, காடு, நகரம், கடல், அப்புறம் ஒரு போர்க்களம். வெட்டு இல்லை, பேச்சு இல்லை. சாக்ரெப் திரைப்பட விழாவில் பெரும் பரிசு வாங்கியது. இதை மட்டும் மங்காவாகப் படிக்க முடியாது. வயிறு கலங்கும் அந்த உணர்வு காகிதத்தில் வராது. இந்த ஒரு விஷயத்தில் என் பக்கத்து பெஞ்சு நண்பனிடம் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் நான் படிக்கிற கட்சிதான். அனிமேவில் எத்தனை நேரம் பார்க்கணும் என்பதை எடுத்தவர் தீர்மானிக்கிறார். மங்காவில் அது என் கையில். அடோமு சர்க்கஸில் நிற்கும் பக்கத்தில் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். தெசுகா வரைந்த பக்கங்கள் மொத்தம் ஒன்றரை லட்சம் என்கிறார்கள். 700 தலைப்புகள். அவர் எழுத்துகளின் தொகுப்பு மட்டும் 400 புத்தகம். எப்போ படித்து முடிப்பேனோ!

1988-ல் வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மூன்று தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பென்சிலை வாங்கி வைத்தாலும் வேலை செய்ய விடுங்கள் என்று கெஞ்சினாராம். 1989 பிப்ரவரி 9 அன்று காலமானார். 62 வயது என்று முதலில் செய்தி வந்தது. உண்மையில் 60. இளம் வயதிலேயே எழுத வந்ததால், சின்னப் பையன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்று வருஷக்கணக்காக இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருக்கிறார்!

கட்டிலில் வரைந்த தொடர்களில் ஒன்று நியோ ஃபவுஸ்ட். அதன் கடைசிப் பக்கங்களில் மை இல்லை. வெறும் பென்சில் கோடுகள், முகமே இல்லாத வட்டங்கள், அதற்குள் பேச்சு. அப்படியே அச்சிட்டார்கள். ஓடும் பட வேலையிலும் அதே கதை. காட்டின் கதை என்ற படத்தை நாலு பாகமாகத் திட்டமிட்டு 1987-ல் முதல் பாகத்தையும் நாலாம் பாகத்தையும் முடித்திருந்தார். இரண்டாம் பாகத்தை அவர் மகன் 2014-ல் முடித்தார். இரண்டு பக்கமும் வேலை பாதியில் நிற்கிறது.

நண்பர்களே, இந்தத் தாளின் அடியில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்றில் படிக்கிற கட்சி, இன்னொன்றில் பார்க்கிற கட்சி. ஆளுக்கு ஒரு கோடு போடுங்கள். ஆசிரியர்களும் போடலாம். பென்சிலால் மட்டும் போடவும், பேனா மை அடுத்த பக்கத்துக் கவிதையில் ஊறிவிடும். எழுதி முடிக்கும்போது நான் ஒரு கோடும் என் நண்பன் ஒரு கோடும் போட்டாச்சு. 1-க்கு 1.